பயில்வான் காருக்குப் பதமான கிளட்ச்

ஹார்லிக்ஸ் பாட்டிலின் மூடியை எண்ணெய்க் கையோடு திருகிப் பார்த்ததுண்டா? கை மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றும். மூடி இருந்த இடத்திலேயே இருக்கும். அப்போது என்ன செய்வீர்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்திப் பிடிப்பீர்கள். அல்லது சொரசொரப்பான துணி ஒன்றை மூடியின்மேல் போட்டுத் திருகுவீர்கள். அதுவும் பலிக்காவிட்டால் இரண்டு கைகளாலும் பிடிப்பீர்கள். இந்த மூன்று உபாயங்களும் தெரிந்தவருக்கு மோட்டார் காரின் கிளட்ச் சமாசாரத்தில் முக்கால் பங்கு தெரிந்துவிட்டது என்றே சொல்லலாம். மீதிக் கால் பங்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

"கிளட்சா? அது வீட்டு ஆண்பிள்ளைகளும் மெக்கானிக்கும் பேசிக்கொள்ள வேண்டிய விவகாரமாயிற்றே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரை ஆசைப்பட்டு வாங்கியவர் யாராக இருந்தாலும், காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே ஆபீசுக்கும் ஓட்டிக்கொண்டு போவது பல வீடுகளில் இல்லத்தரசிதான். கிளட்ச் பெடலை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை மிதிக்கப் போவது அவருடைய இடது கால். பணமோ இருவருக்கும் பொதுவான பணம். ஆகவே எந்தக் கிளட்ச் என்று தீர்மானிக்கும்போது அவருக்கும் ஓர் ஓட்டு உண்டு அல்லவா?

பயில்வான் கார் என்பது எது?

அமெரிக்காவில் 1964-ஆம் வருஷ மாடலாக, பான்டியாக் கம்பெனி ஜி.டி.ஓ. என்ற காரைக் கொண்டுவந்தது. நடுத்தர அளவுள்ள காருக்குள், பெரிய காருக்கு உரிய 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அந்த ஜாதிக் கார்களுக்கு 'மஸில் கார்' என்று பெயர் நிலைத்தது. நம் பாஷையில் பயில்வான் கார் என்று வைத்துக்கொள்வோமே!

நம் நாட்டில் அந்தத் தோற்றத்துக்கு மிக அருகில் வந்தது, 1984-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வெளியிட்ட கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸால் கார் ஒன்றின் அமைப்பைத் தழுவியது. நீண்ட மூக்கு, அகன்ற தோள், பார்த்தால் சாண்டோதான். ஆனால் ஆரம்பத்தில் அதற்குள் இருந்ததோ அம்பாஸடரின் 1.5 லிட்டர் எஞ்சின்! பயில்வான் உடம்பில் பள்ளிக்கூடப் பையனின் மூச்சு. பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தபோதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. 2002-இல் உற்பத்தி நின்றுவிட்டது. இன்றும் அதைச் செல்லப் பிள்ளை போல வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்றைக்கோ நிலைமை தலைகீழ். டர்போ பொருத்திய சாதாரணக் குடும்பக் கார்களே அந்தக் கான்டெஸாவைத் தூக்கிச் சாப்பிடும் சக்தியோடு வருகின்றன. அதற்குமேலும் சிலர் எஞ்சினின் கம்ப்யூட்டரில் கைவைத்துச் சக்தியைக் கூட்டிக்கொள்கிறார்கள். கூட்டிய சில நாட்களிலேயே கிளட்ச் வழுக்கத் தொடங்குகிறது. அப்போதுதான் வீட்டில் பேச்சு கிளம்புகிறது: "இருப்பதிலேயே பலமான பந்தயக் கிளட்ச் ஒன்றைப் போட்டுவிட்டால் கவலை விட்டது!"

விட்டதா, வந்ததா? அதற்குப் பதில் சொல்ல எண்ணூரைவிட நல்ல இடம் கிடையாது.

மூன்று வண்டி, மூன்று கிளட்ச்

1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில்தான் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி இறக்கியது. 1955-இல் அந்தக் கம்பெனி அசோக் லேலண்ட் ஆயிற்று. லாரியும் பஸ்ஸும் அதன் அடையாளமாயின. அதே 1955-இல் உருவான என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி, பக்கத்துத் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரிக்கத் தொடங்கியது. கொஞ்சம் மேற்கே போனால் சோழவரம். இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையில் மோட்டார் பந்தயங்கள் நடந்த ஊர். பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் ஏற்பட்டது.

ஆக, சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே பார வண்டி, மோட்டார் சைக்கிள், பந்தயக் கார் என்று மூன்று தினுசும் இருந்தன. மூன்றிலும் கிளட்ச் உண்டு, மூன்றும் ஒன்றல்ல. லாரியின் கிளட்ச், டன் கணக்கில் பாரத்தை நின்ற நிலையிலிருந்து நகர்த்துவதற்கு. பந்தயக் காரின் கிளட்ச், சில விநாடிகளில் முழுச் சக்தியையும் சக்கரத்துக்குக் கொடுப்பதற்கு. புறப்பட்ட பிறகு அதற்கு அவ்வளவாக வேலை இல்லை. வீட்டுக் காரின் கிளட்ச்சோ நின்று, நகர்ந்து, மறுபடி நின்று, மறுபடி நகர்வதற்கு. கிளட்ச் வண்டிக்குப் பொருந்தினால் போதாது, அது செய்யப்போகும் வேலைக்கும் பொருந்த வேண்டும். பலத்தைத் தேடி ஓடுகிறவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

உள்ளே நடப்பது என்ன?

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஃப்ளைவீல் என்று பெயர். அதன்மேல் ஒட்டி நிற்பது கிளட்ச் பிளேட். அது கியர் பாக்ஸைச் சேர்ந்தது. பின்னாலிருந்து பிரஷர் பிளேட், ஸ்பிரிங்கின் பலத்தால் இரண்டையும் நெருக்கிப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது. எஞ்சின் தனியே, சக்கரம் தனியே. பெடலை மெல்ல விட்டால் பிளேட் முதலில் கொஞ்சம் வழுக்கி, பிறகு கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. அந்தக் 'கொஞ்சம் வழுக்கல்' இருப்பதால்தான் கார் குதிக்காமல் புறப்படுகிறது.

பிடிமானம் நான்கு காரியங்களைப் பொறுத்தது: ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டின் சொரசொரப்பு, பிளேட்டின் விட்டம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. ஒற்றைப் பிளேட்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முகம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்படாதீர்கள், பால் கணக்கைவிட லேசானது. உதாரணத்துக்கு, ஸ்பிரிங்கின் அழுத்தம் 5,000 நியூட்டன். நூறு கிலோ மூட்டை ஐந்தை அடுக்கினால் ஏற்படும் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவு. உராய்வு எண் 0.3, பிளேட்டின் சராசரி ஆரம் 9 சென்டிமீட்டர், முகம் இரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 270 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையை அந்தக் கிளட்ச் தாங்கும். எஞ்சின் தருவது 200 என்றால் கவலையில்லை. அதை 280-க்கு ஏற்றிவிட்டால் பிடி வழுக்காமல் என்ன செய்யும்?

சரி, எவ்வளவு கூடுதல் வேண்டும்? எஞ்சினின் உச்ச முறுக்கு விசையைப்போல ஒன்றேகால் மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை இருந்தால் தெருவில் ஓடும் காருக்குத் தாராளம். 280 தரும் எஞ்சினுக்கு 350 முதல் 420 வரை தாங்கும் கிளட்ச் போதும். 800 தாங்கும் கிளட்ச்சைப் போட்டால் கார் ஒரு மைல் வேகங்கூட அதிகமாக ஓடாது. வழுக்காத கிளட்ச் எல்லாம் சக்தியை ஒரே மாதிரிதான் கடத்துகின்றன. மிச்சப் பலத்துக்கு விலை கொடுப்பது பர்ஸும் முழங்காலும்.

எண்ணூர் சாலையில் மூன்று லிட்டர் வெந்நீர்

ராயபுரத்திலிருந்து கடலோரமாக எண்ணூருக்குப் போகும் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். கன்டெய்னர் லாரிகள் ரயில் வண்டி மாதிரி வரிசை கட்டி நிற்கும்போது நடுவில் மாட்டிக்கொண்ட கார், பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி.

ஒவ்வொரு புறப்பாட்டிலும் கிளட்ச் வழுக்குகிறது, வழுக்கும்போது சூடேறுகிறது. எஞ்சினை ஒரே சீரான வேகத்தில் வைத்துக்கொண்டு கிளட்ச்சை விட்டால், கார் எவ்வளவு இயக்க சக்தி பெறுகிறதோ அதே அளவு சக்தி கிளட்ச்சில் சூடாகிறது என்பது பௌதிக சாஸ்திரம். 1,200 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 14 கிலோ மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 9,100 ஜூல். நூறு தடவை நின்று புறப்பட்டால், அந்தச் சூட்டில் மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! பயில்வான் காரில் எஞ்சினை உறுமவிட்டுப் புறப்பட்டால் இதற்குமேல்.

இந்தச் சாலைக்கு ஏற்ற கிளட்ச், சூட்டைத் தாங்க வேண்டும். மெதுவாகவும் பற்ற வேண்டும். பந்தயக் கிளட்ச்சில் முதல் குணம் ஏராளம். இரண்டாவது குணத்துக்குப் பஞ்சம்.

துணியா, உப்புத்தாளா?

மூடியைத் திருகுவதற்குப் போட்ட துணி ஞாபகம் இருக்கிறதா? பிளேட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் பொருள் அதுதான். அதில் முக்கியமாக மூன்று வகை.

முதலாவது, 'ஆர்கானிக்' என்று கடையில் சொல்வது. இழைகளையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. சாதாரணக் கார்களில் வருவது இதுதான். மெதுவாகப் பற்றும்; ஃப்ளைவீலைத் தின்னாது; கொஞ்சம் சூடேறி நாற்றமடித்தாலும் ஆறிய பிறகு பெரும்பாலும் பழைய குணத்துக்கு வந்துவிடும். அளவுக்கு மீறிய சூட்டில் மட்டும் கருகிப் போகும்.

இரண்டாவது, கெவ்லார் இழை. நீண்ட நாள் உழைக்கும், பற்றுவதிலும் பதவிசு. ஆனால் பழக்கியெடுக்க அதிகத் தூரம் ஓட்ட வேண்டும். ஒரு தடவை சூட்டில் மினுமினுப்பு ஏறிவிட்டால் பழைய பிடி திரும்புவது கஷ்டம். லாரி வரிசையில் தினமும் ஊர்கிறவர்கள் இதை யோசித்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, செராமிக். முழு வட்டமாக இல்லாமல் மூன்று, நான்கு, ஆறு என்று தனித்தனி வில்லைகளாகப் பதித்திருப்பார்கள். சூட்டுக்கு அஞ்சாது, சிறிய அழுத்தத்திலேயே இறுகப் பற்றும். ஆனால் பற்றினால் ஒரே பற்று, விட்டால் ஒரே விடுகை! நடுவில் சமாதானப் பேச்சு கிடையாது. லாரிக்குப் பின்னால் ஓரடி நகர்த்த நினைத்தால் கார் தவளை மாதிரி தாவும். ஃப்ளைவீலையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நல்ல வீட்டுக் கிளட்ச் பிளேட்டின் நடுவே சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் இருக்கும். எஞ்சினின் அதிர்ச்சி கியர் பாக்ஸைத் தாக்காமல் அவை வாங்கிக்கொள்கின்றன. சில பந்தயப் பிளேட்டுகளில் அவை இரா. எடை குறையும், வாஸ்தவம். கியர் பாக்ஸின் கடகட சத்தத்துக்கும் ஆயுள் குறைவுக்கும் தயாராக இருக்க வேண்டியதுதான். ஃப்ளைவீலை இளைக்க வைக்கும் ஆசையும் இப்படித்தான். எஞ்சின் சட்டென்று சீறும். ஆனால் சிக்னலில் புறப்படும்போது அடிக்கடி அணைந்துபோகும்.

காலுக்கு நோகாமல் பலம்

மூடியை இன்னும் அழுத்திப் பிடிப்பது முதல் உபாயம் அல்லவா? அதாவது கெட்டியான ஸ்பிரிங். அதே உதாரணத்தில், 270-ஐ 364 ஆக்குவதற்கு அழுத்தத்தை ஏறக்குறைய 6,740 நியூட்டனுக்கு ஏற்ற வேண்டும். வேறெதையும் மாற்றாவிட்டால் பெடலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கனக்கும். மூன்று மிதி மிதித்த இடத்தில் நான்கு மிதித்த அலுப்பு.

இரண்டு கைகளாலும் பிடிப்பது, இரட்டைப் பிளேட். முகம் நான்காகிவிடுகிறது. விட்டம் அதேயானால் 3,400 நியூட்டன் அழுத்தமே 367-ஐத் தாங்கிவிடும். பெடல் பழையதைவிட லேசு! ஆனால் விலை பல மடங்கு. எஞ்சினின் சக்தி உண்மையிலேயே இரட்டிப்பானவர்களுக்குத்தான் அது நியாயமான செலவு.

பலமும் லேசும் சேர்ந்திருக்க முடியும் என்பதற்குத் திருவொற்றியூரில் பிறந்த கம்பெனியின் கதையே சாட்சி. பழைய புல்லட்டின் கிளட்ச் பிடியை அமுக்கிய கைக்கு அதன் கனம் மறக்காது. 2018-இல் வந்த 650 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டிகளில் சக்தி பன்மடங்கு, பிடியோ லேசு. எஞ்சின் இழுக்கும் விசையே சரிவான பற்களின் வழியாகப் பிளேட்டுகளை நெருக்கிக்கொள்கிறது. ஆகவே மென்மையான ஸ்பிரிங் போதும். பலத்தை முரட்டுத்தனத்தில் தேடாமல் யுக்தியில் தேடியிருக்கிறார்கள். கார் கிளட்ச் வாங்கும்போதும் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கடைக்குப் போகுமுன்

மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தக் கிளட்ச் போடலாம்?" என்பதல்ல, "பழையது ஏன் போயிற்று?" என்பது. எஞ்சினின் பின்புற ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தால் எவ்வளவு பலமான கிளட்ச்சும் எண்ணெய்க் கைதான். முதலில் கசிவை நிறுத்த வேண்டும். பெடலுக்கு இருக்க வேண்டிய சிறிது தளர்ச்சி இல்லாமலிருந்தாலும், பெடலின்மேல் எந்நேரமும் காலை வைத்து ஓட்டினாலும் நல்ல பிளேட்டும் தேய்ந்துவிடும்.

கடலோர வீடுகளுக்கு இன்னொரு சங்கதி. உப்புக் காற்றில் மாதக் கணக்கில் நிற்கும் கார், அல்லது மழைவெள்ளத்தில் நின்ற கார், துருவேறிப் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். பெடலை மிதித்தாலும் கியர் விழாது. அது கிளட்ச்சின் பலக் குறைவு அல்ல. பெரிய கிளட்ச் அதற்கு மருந்தும் அல்ல.

அடுத்தபடி, 'ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3' என்ற பெயர்களைக் கண்டு மயங்காதீர்கள். அவற்றுக்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் இரண்டு இன்னொருவரின் ஒன்றாக இருக்கலாம். எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், பிளேட்டின் முகம் என்ன பொருள், நடுவில் ஸ்பிரிங் உண்டா, பெடல் எவ்வளவு கனக்கும் என்ற நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, கியர் பாக்ஸை இறக்குவதுதான் பெரிய கூலி. இறக்கியபோதே பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் சேர்த்து முழு செட்டாக மாற்றிவிடுவது சிக்கனம். ஃப்ளைவீலையும் பரிசோதித்து, தேவைப்பட்டால் லேத்தில் முகம் சமன் செய்ய வேண்டும். சில புதுக் கார்களில் ஃப்ளைவீலே இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங்கோடு வரும். அதைச் சாதாரணமாகக் கடையக் கூடாது. பழைய கார்களின் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அது நுரையீரலுக்கு விஷம்.

நான்காவது, கிளட்ச்சோடு ஆசை நிற்காமல் எஞ்சினையே மாற்றும் யோசனை எழுந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்குச் சட்டம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அனுமதியில்லாமல் செய்துவிட்டு, விபத்தின்போது இன்ஷூரன்ஸுக்கு அலைவது வேண்டாத வேலை.

புது மருமகளைப் போல

சாதாரண ஆர்கானிக் கிளட்ச் போட்ட பிறகு முதல் 800 கிலோ மீட்டர், புது மருமகளிடம் நடந்துகொள்வது போல நடந்துகொள்ளுங்கள்: பொறுமை, நிதானம். ஊருக்குள் கியர் மாற்றி மாற்றி ஓட்டலாம். சீறிப் பாயக் கூடாது. பிளேட்டும் இரும்பும் ஒன்றுக்கொன்று பழகிப் படிய அவகாசம் வேண்டும். பாலத்தின் ஏற்றத்தில் நிற்கும்போது கிளட்ச்சைப் பாதி விட்டுக் காரைத் தாங்காமல் ஹாண்ட் பிரேக்கைப் போடுங்கள். லாரி வரிசையில் ஒவ்வொரு அடிக்கும் நகராமல், நாலைந்து கார் நீளம் இடம் விழுந்த பிறகு நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்கள் கிளட்ச்சுக்குப் பணம் தரப்போவதில்லை!

ஆகக்கூடி, தெருவில் ஓடும் பயில்வான் காருக்கு ஏற்றது இப்படி இருக்கலாம்: எஞ்சினின் பலத்தைப்போல ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மடங்கு தாங்கும் பிரஷர் பிளேட், முழு வட்ட ஆர்கானிக் முகம், நடுவில் ஸ்பிரிங், வீட்டில் ஓட்டுகிற எல்லோர் காலுக்கும் இசைந்த பெடல். பணம் கொடுக்கும் முன், அதே கிளட்ச் பொருத்திய கார் ஒன்று ஒர்க்‌ஷாப்பில் நின்றால் உட்கார்ந்து, இருபது தடவை பெடலை மிதித்துப் பாருங்கள். இருபதாவது மிதியில் உங்கள் முழங்கால் என்ன சொல்கிறதோ, அதையும் மெக்கானிக்கின் அபிப்பிராயத்தோடு சேர்த்து எடைபோட்டு முடிவு செய்யுங்கள்.